வல்லமை என்று நாம் எதைச் சொல்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு நண்பர் கேட்டிருந்த கேள்வி என் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "எல்லாம் வல்லவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்லும் கடவுள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கே போயிருந்தார், ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணியும் தாமிரபரணி ஏன் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தார். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதியிருந்தார். அவருக்குப் பதிலாக மூன்று நாள் கழித்து வந்த கடிதங்களில், கடவுளைச் சோதிக்காதே, மனிதனுக்கு அதெல்லாம் புரியாது, அந்தப் பகுதி மக்களின் பாவத்துக்கு வந்த எச்சரிக்கை என்றெல்லாம் என் சகோதரக் கிறிஸ்தவர்களே எழுதியிருந்தார்கள். அந்தப் பதில்களைப் படித்தபோதுதான் எனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபையைச் சேர்ந்தவன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், முப்பது வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவன். அந்த நண்பரின் கேள்வியில் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நம் பதில்களில்தான் இருக்கிறது.

அந்த 17, 18-ஆம் தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, அதாவது இந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிறதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் கிட்டத்தட்ட எண்ணூறு பேரோடு தண்ணீருக்கு நடுவில் நின்றுபோனது. எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, ஆலயம் மட்டும் மேட்டில் இருந்ததால் பள்ளத்தில் இருந்த தெருக்காரர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தோம். இந்துக் குடும்பங்கள், ஒரு முஸ்லிம் குடும்பம், எல்லாரும் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் படுத்திருந்தோம். ஆமாம், ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணினோம். மழை நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்கிற நேரத்தில் ஒருவர் எழுந்தார். எனக்கு நல்ல பழக்கம், நல்ல மனிதர். "எங்கள் வீட்டு வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்தது, நான் தொண்ணூற்றோராம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தேன், தண்ணீர் அப்படியே நின்றது, ஸ்தோத்திரம்" என்றார். சபையும் ஸ்தோத்திரம் என்றது. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் வீட்டின் மண்சுவர் இடிந்து, பத்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்து வாங்கிய சாமான் எல்லாம் போய், மாடு இரண்டும் போயிருந்தது. அவர்களும் அதே சங்கீதத்தைத்தான் வாசித்திருந்தார்கள். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்ற வசனத்தை அந்த அம்மா காதால் கேட்டபோது அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்களா என்று எனக்குக் கேட்கவில்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்து மத்தேயு நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ தடவை பாடம் நடத்தியதுதான், ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது. தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொல்கிறானே, அந்த வசனம் எங்கிருந்து எடுத்தது? அதே தொண்ணூற்றோராம் சங்கீதத்திலிருந்துதான். நாம் வீட்டு வாசலில் ஸ்டிக்கராக ஒட்டிவைத்திருக்கிற சங்கீதம். இயேசு குதிக்கவில்லை. சங்கீதம் பொய் என்று நான் சொல்லவரவில்லை, பயத்தில் இருக்கிற மனிதன் பற்றிக்கொள்ளக் கடவுள் இருக்கிறார் என்று பாடுகிற பாட்டு அது. ஆனால் அதை எனக்கு மட்டும் ஒரு பாதுகாப்புப் பத்திரமாக எடுத்துக்கொள்கிற சோதனையை இயேசுவே மறுத்திருக்கிறார் என்றால், நாம் ஏன் அதையே சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

2004 சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்குமேல் செத்தார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் கடற்கரையில் போய்விட்டார்கள். தண்ணீர் மாதா கோவிலுக்குள் நுழையவில்லை என்பதை அற்புதமாகச் சொன்னவர்கள் நிறைய உண்டு, இப்போதும் சொல்கிறார்கள். கோவிலுக்குள் இருந்து பிழைத்தவர் நன்றி சொல்வது எனக்குப் புரிகிறது, அந்த நன்றியில் நான் கைவைக்கமாட்டேன். ஆனால் அதை ஒரு கொள்கையாக்கி, கட்டிடத்தைக் காப்பாற்றிய கடவுள் என்று பிரசங்கம் பண்ணினால், கடற்கரையில் நின்ற குழந்தையைப் பற்றி நாம் என்ன சொன்னதாக ஆகிறது? அந்தக் குழந்தையின் தாய்க்கு முன்னால் நின்று சொல்லமுடியாத எதையும் பிரசங்க பீடத்திலும் சொல்லக்கூடாது என்று நான் நினைக்கிறேன்.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ என்று அவரே கேட்டுவிட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்கிறார். மழையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார், நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்கிறது என்று. பாவத்துக்கு வந்த வெள்ளம் என்று எழுதிய சகோதரர்கள் இந்த இரண்டு இடத்தையும் திரும்ப வாசிக்கவேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏரி உடைந்ததற்குக் காரணம் தேடுகிறவர்கள் கரையைப் பலப்படுத்தாததையும், வாய்க்கால் தூர்வாராததையும், ஓடையை மறித்துக் கட்டியதையும், கடல் சூடாகி மழையின் போக்கே மாறிப்போனதையும் பார்க்கட்டும். அதிலும் பாவம் இருக்கிறது, ஆனால் அது வீடிழந்தவரின் பாவம் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் தங்கைக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது பட்டதை வைத்துத்தான் எழுதுகிறேன். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், கீமோ ஆரம்பித்தார்கள். அதற்கிடையில் ஒரு ஜெபக்குழுவினர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். கொஞ்ச நாளில் பேச்சு மாறியது. மருந்தை நம்புவது பாதி விசுவாசம் என்றார்கள், ஒரு பெரிய கூட்டத்துக்கு அழைத்துப்போனார்கள், மேடையிலிருந்து அவளுக்குச் சுகம் அறிவிக்கப்பட்டது. அவள் இரண்டு கீமோவுக்குப் போகவில்லை. திரும்பவும் வலி வந்து, நாங்கள் பதறிப்போய் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அந்தக் குழுவில் ஒரு அக்கா வந்து அவள் கட்டில் பக்கத்திலேயே நின்று, "உனக்குள்ளே எங்கேயோ அவிசுவாசம் இருக்கிறது, அறிக்கை செய்" என்றார்கள். எழும்பக்கூட முடியாத ஒருத்தியிடம் சொன்ன வார்த்தை அது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே இந்த நாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள், மந்திரம் தாயத்து எல்லாம் அதில் வருகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு நோயாளியின் மேல் அவளுடைய நோய்க்கான பழியையும் சேர்த்து ஏற்றிவைக்கிற ஜெபம், யாருடைய பெயரைச் சொல்லிச் செய்தாலும், ஜெபம் ஆகாது.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஆய்வு, இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு குழுக்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்கும் ஜெபிக்கப்படாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லப்பட்ட குழுவில்தான் சிக்கல் கொஞ்சம் அதிகமாக வந்தது, மற்றக் குழுக்களில் நூற்றுக்கு 51, 52 பேருக்கு வந்தது இவர்களில் 59 பேருக்கு வந்தது. இதைப் படித்துவிட்டு என் விசுவாசம் ஆடவில்லை. ஜெபத்தை மருந்துச் சீட்டு மாதிரி நினைத்திருந்தால் ஆடியிருக்கும்.

சரி, அப்படியானால் கடவுளுக்கு வல்லமை இல்லையா என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிற ஒரே பதில், வல்லமை என்ற வார்த்தைக்கு நாம் வைத்திருக்கிற அர்த்தத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்பதுதான். நம் வேதாகமத்தில் ஆபிரகாமிடம் கடவுள் "நான் சர்வவல்லமையுள்ள தேவன்" என்கிறார். அங்கே எபிரேயத்தில் இருக்கிற வார்த்தை எல் ஷடாய். அதற்கு மலையின் கடவுள் என்று சிலரும், மார்பு என்ற சொல்லிலிருந்து வந்தது, பாலூட்டுகிறவர் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள், அறிஞர்களுக்குள்ளேயே முடிவாகவில்லை. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போகிற வழியில் அது எல்லாவற்றையும் ஆள்கிறவர் என்று ஆனது, நமக்குச் சர்வவல்லவர் என்று வந்து சேர்ந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகு திருச்சபை அரண்மனைக்குள் போனது. ரோமச் சக்கரவர்த்திக்கு மட்டுமே உரிய குணங்களைத் திருச்சபை கடவுளுக்குக் கொடுத்துவிட்டது என்று ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் நூறு வருடத்துக்கு முன்னால் எழுதினார். அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் நம் ஊர் ஜெபங்களைக் கேட்டால் அது அப்படியே தெரிகிறது. பெரிய இடத்தில் இருக்கிற ஒருவரிடம் மனு கொடுக்கிறோம், தாமதமானால் இன்னும் சத்தமாகக் கேட்கிறோம், நாற்பது நாள் உபவாசம் இருந்து நிர்ப்பந்தம் பண்ணுகிறோம், கிடைத்தால் சாட்சி, கிடைக்காவிட்டால் நம்மில் ஏதோ குறை. ராஜா தர்பாரில் நடக்கிறதுதான் இது.

ஆனால் சுவிசேஷம் காட்டுகிற கடவுள் தர்பாரில் இல்லை. சிலுவைக்குக் கீழே நின்றவர்கள் சொன்னார்கள், "மற்றவர்களை ரட்சித்தான், தன்னைத்தான் ரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை" என்று. ஏளனமாகச் சொன்னதுதான், ஆனால் அதைவிட உண்மையான வார்த்தை அன்றைக்கு அங்கே சொல்லப்படவில்லை. திராணியில்லாதவராகத்தான் தொங்கினார். தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினது அதைத்தான். ஹிட்லர் காலத்தில் சிறையில் இருந்த போன்ஹாஃபர் என்ற ஜெர்மன் போதகர் 1944 ஜூலையில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பாடுபடுகிற கடவுளால் மட்டுமே உதவ முடியும் என்று எழுதினார். ஒன்பது மாதத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் நாட்டுத் திருச்சபையில் ஒரு பெரிய பகுதி அதற்கு முன்னாலேயே பலசாலியான தலைவரைக் கண்டு கைகொட்டி அவர் பின்னால் போயிருந்தது. பலசாலியான கடவுளைக் கும்பிட்டுப் பழகியவர்களுக்குப் பலசாலியான தலைவரும் கடவுள் அனுப்பியவராகத்தான் தெரிவார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பயப்படுவது இதற்குத்தான், இது ஜெர்மனியோடு முடிந்த விஷயம் இல்லை.

நம் தமிழ் மண்ணிலும் இப்படி யோசித்தவர்கள் இருந்தார்கள், நம் சபைகளில் அவர்கள் பெயரே தெரியாது. சக்கரைச் செட்டியார் சிலுவையைப் பற்றி ஆழமாக எழுதிய இறையியலாளர். அவரேதான் சென்னை மேயராகவும் ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். சிலுவையைப் பற்றி எழுதினதும் தொழிலாளிகளோடு நின்றதும் அவருக்கு இரண்டு வேலை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைக் கிராமத்துத் தமிழில் பாட்டாக்கியபோது கடவுளைப் "பெத்தவரே" என்று கூப்பிட்டார். ராஜாவே, கர்த்தாதி கர்த்தரே என்று ஆரம்பிக்கிற வாய்க்குப் பெத்தவரே என்று சொல்லிப்பாருங்கள், அதற்குப் பிறகு கேட்கிற விஷயமே மாறிவிடும். பெற்ற தாயிடமோ தகப்பனிடமோ, பக்கத்து வீடு முங்கினாலும் பரவாயில்லை என் வீட்டை மட்டும் காப்பாற்று என்று யாராலும் கேட்கமுடியாது. பக்கத்து வீட்டில் இருப்பதும் அவர்கள் பெற்ற பிள்ளைதானே. அவர் இன்னொரு வார்த்தையும் சொல்லிக்கொண்டே இருப்பார், ஒரு உலை. எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் கொதித்து, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது.

வெள்ளத்தில் நாங்கள் அதைத்தான் பார்த்தோம். இரண்டாம் நாள் காலையில், சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு மட்டும் வெளியே எடுக்கிற பெரிய வெண்கலப் பானைகளைச் சபை ஊழியர் யாரையும் கேட்காமல் எடுத்துவந்து ஆலயத்து வராண்டாவில் வைத்தார். நனையாத அரிசி யார் யாரிடம் இருந்ததோ எல்லாம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில் பயணிகளுக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் இப்படித்தான் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். எங்கள் பானையைக் கிளறியவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களே இல்லை. நண்பர் கேட்டாரே, கடவுள் எங்கே போயிருந்தார் என்று, நான் கை வைத்துக் காட்டக்கூடிய இடம் அந்த வராண்டாதான். மேகத்தை நிறுத்துகிற கையை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் முந்தின ராத்திரி முழுக்க ஒன்றாக முழங்கால் போட்டிருந்தோமே, அது இல்லாமல் காலையில் அந்த அரிசி அத்தனை சீக்கிரம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஜெபம் மழையை மாற்றவில்லை. பூட்டிவைத்திருந்த அரிசிப் பெட்டியைத் திறக்க எங்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. பரமண்டல ஜெபத்தில் "எனக்கு வேண்டிய ஆகாரம்" என்று ஒரு வார்த்தை கிடையாது. எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்றுதான் இருக்கிறது.

இதிலிருந்துதான் பொதுவாழ்க்கை விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் ஆலயத்துக்கு வருகிறார்கள், முன்னால் மண்டியிடுகிறார்கள், சபைப் போதகர் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார், போட்டோ மறுநாள் பேப்பரில் வருகிறது. எல்லாக் கட்சிக்கும் இப்படித்தான். அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபியுங்கள் என்று வேதத்தில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்காக ஜெபிப்பது வேறு, அவர்களிடம் நமக்கு ஒரு சீட்டும் ஒரு கல்லூரிக்கு அனுமதியும் வாங்குவதற்காக ஜெபத்தைக் கைமாற்றுவது வேறு. எரேமியா பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதினார், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்று. தேடுங்கள் என்பதுதான் முதலில் வருகிறது. பட்டணம் என்றால் முழுப் பட்டணம், அதில் வேறு சாமி கும்பிடுகிறவர்களும் உண்டு.

ஜெர்மனியில் லீப்சிக் நகரத்து நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமை தோறும் சமாதானத்துக்காக ஜெபம் நடந்தது. பல வருடம் விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது தெருவில் எழுபதாயிரம் பேர். ஒரு கையில் மெழுகுவர்த்தி, அது அணையாமல் மறைக்க இன்னொரு கை, கல் எடுக்கக் கையே இல்லை என்று அந்த ஆலயத்துப் போதகர் பின்னால் சொன்னார். போலீஸ் சுடவில்லை. ஒரே மாதத்தில் பெர்லின் சுவர் போனது. இதைச் சொல்லி நான் நிறுத்திக்கொண்டால் ஜெபித்தால் ஜெயம் என்று மறுபடி அதே இடத்துக்கே வந்துவிடுவேன். அதனால் நம் கடற்கரையையும் சொல்லவேண்டும். கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரையில் லூர்து மாதா கோவிலுக்கு முன்னால் பந்தல் போட்டு 2011 முதல் பெண்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஜெபமாலையோடும் உபவாசத்தோடும் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள்மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அணு உலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அணுமின்சாரம் பற்றி உங்கள் வாசகர்களுக்கு வேறு வேறு கருத்து இருக்கலாம். நான் கேட்பது, அந்தப் பெண்களின் ஜெபம் தோற்றுவிட்டதா என்று. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் இயேசு இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டாரே, பாத்திரம் நீங்கவில்லையே, அந்த ஜெபத்தை நாம் தோற்ற ஜெபம் என்றா சொல்கிறோம்?

திருச்சி பக்கத்து விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி என்ற சேசுசபைக் குருவானவர் ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு பல பத்து வருடம் வாழ்ந்தார். விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்டார். 2020 அக்டோபரில் அவரையே கைது செய்தார்கள், அப்போது அவருக்கு 83 வயது, பார்க்கின்சன் நோய், டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்துபோனார். கூண்டில் அடைத்த பறவையும் பாடும் என்று சிறையிலிருந்து எழுதினார், சக கைதிகள் தன்னைக் கவனித்துக்கொள்வதைப் பற்றி எழுதினார். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்துச் சபைகளில் அவருக்காக எத்தனை இடத்தில் ஜெபித்தோம்? என் காதில் விழவில்லை. கத்தோலிக்கர்தானே என்றார் ஒருவர். அரசியல் நமக்கு எதற்கு என்றார் இன்னொருவர்.

எங்களுக்குள்ளேயே இருக்கிற சாதியைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் நேர்மையானவன் இல்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விடவேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரில் எத்தனையோ பேர் சபையைவிட்டே வெளியே போனார்கள். இன்றைக்கும் நாம் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்குத்தான் ஆதரவாக நின்றார். அவர் பாட்டைக் கண்ணீரோடு பாடுகிறவன் நான், அதனால்தான் வலிக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் செத்தவர்களையே பிரித்துவைத்தது. 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணை, மதம் மாறினால் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கிறது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இதற்காக அரசாங்கத்திடம் ஜெபமும் மனுவுமாகப் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே பிறகு எதற்குச் சலுகை என்று அரசாங்கம் கேட்கும்போது, இருக்கிறது ஐயா, எங்கள் கல்லறையில் இருக்கிறது, எங்கள் கல்யாண வரனில் இருக்கிறது, எங்கள் பேராயத் தேர்தலில் இருக்கிறது என்று உண்மையைச் சொல்ல எத்தனை பேர் எழுந்து நிற்போம்? "நீங்கள் மிகுதியாய் ஜெபம்பண்ணினாலும் கேளேன்" என்று ஏசாயா முதல் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறார். ஜெபம் கேட்கப்படாததற்கு வேதம் அங்கே சொல்கிற காரணம் விசுவாசக் குறைவு இல்லை. கைகளில் இரத்தம் இருக்கிறது என்கிறார்.

என் தங்கை 2016-இல் போய்விட்டாள். கடைசி மாதத்தில் ஒருநாள் என்னிடம், அண்ணே, சுகம் கேட்டு ஜெபிக்கிறதை நிறுத்திவிட்டேன், இப்போதுதான் மூச்சுவிட முடிகிறது என்றாள். பிறகு என்ன ஜெபிக்கிறாய் என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தீப்பெட்டி ஆலையில் வேலைபார்த்த பெண் ஒருத்தி இருந்தாள், துணைக்கு ஆள் கிடையாது. அவள் பெயரைச் சொன்னாள், அவளுக்காக என்றாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு இரண்டு பேருக்குப் போனது. சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முறைபோட்டு அந்தப் பெண்ணுடன் ராத்திரி தங்கினார்கள். கடவுள் என்ன செய்தார் என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள் வைத்து நிறுத்துகிறேன். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் முன்பு கூடித்தான் மக்கள் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி கலெக்டர் ஆபீஸை நோக்கி நடந்தார்கள். 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் ஒருத்தி பதினேழு வயதுப் பிள்ளை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, போலீஸ்மீதும் மாவட்ட நிர்வாகத்தின்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்ன அறிக்கை 2022-இல் சட்டமன்றத்துக்கு வந்தது. மறு வருடம் எங்கள் சபைக் கமிட்டியில், அந்த வாரத்து ஞாயிறு ஆராதனையில் பரிந்துபேசும் ஜெபத்தில் 13 பெயர்களையும் வாசிக்கவேண்டும் என்று கேட்டேன். ஆலயத்தில் அரசியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வருடமும் கேட்டேன். அதே பதில்தான். இப்போது நாங்கள் ஒன்பது பேர் ஆலயத்துக்கு வெளியே, அந்த வெள்ளத்தில் உலை வைத்த வராண்டாவில், மே 22 சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறோம், ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறோம். அவ்வளவுதான் ஜெபம். அந்த நண்பர் கடவுளை நம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. முடிந்தால் வரட்டும், அவர் வாசிக்க நான்கைந்து பெயர்களை விட்டுவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்
தூத்துக்குடி மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்)